புஷ்பக விமானத்தில் இரண்டே சீட்டு

புஷ்பக விமானத்தின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் எந்த ஆர்.டி.ஓ.வுக்கும் தலை சுற்றும். பிரம்மாவுக்காகக் கட்டியவர் விஸ்வகர்மா. பிரம்மா அதைக் குபேரனுக்குக் கொடுத்தார். குபேரனிடமிருந்து அது இராவணனிடம் வந்தது. இராவணன் வேறு யாருமில்லை, குபேரனுக்குத் தம்பி முறை. அப்பா ஒருவர், அம்மா வேறு. 'இதோ கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்' என்று அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பியே தராத தம்பிகளை நாம் எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். இராவணன் அந்த ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. அடித்துப் பிடுங்கிக்கொண்டு போனான். பெயர் மாற்றமும் செய்யவில்லை. யுத்தம் முடிந்து அதே வண்டியில் ஊர் வந்து இறங்கிய இராமர்தான், 'அடுத்தவர் சொத்து நமக்கெதற்கு' என்று அதைக் குபேரனுக்குத் திருப்பி அனுப்பினார். ஓசியில் வந்த வண்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்ததாக நம் இதிகாசங்களில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த வண்டிக்கு இரண்டு சிறப்புகள். ஒன்று, நினைத்தால் போதும், கிளம்பிவிடும். சாவி, ஸ்டார்ட்டர் எதுவும் கிடையாது. இரண்டு, எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும். இந்த இரண்டாவது தொழில்நுட்பத்தைப் பிற்காலத்தில் நம்மூர் டவுன் பஸ் கண்டக்டர்கள் மட்டுமே முழுமையாகக் கற்றுத் தேர்ந்தார்கள்.

1958 செப்டம்பர் 28 அன்று பெங்களூரில் இன்னொரு புஷ்பகம் பறந்தது. ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி கட்டியது. வடக்கத்தி உச்சரிப்பில் 'புஷ்பக்'. பெயர் வைத்தவர்கள் இதிகாசத்தை நன்றாகப் படித்தவர்களாக இருக்க வேண்டும். சாவி, ஸ்டார்ட்டர் எதுவும் கிடையாது என்ற அம்சத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நினைத்தால் கிளம்பும் என்ற அம்சத்தை விட்டுவிட்டார்கள். ஆகவே ஓர் ஆள் விமானத்தின் முன்னால் போய் நின்று, ப்ரொப்பெல்லரைக் கையால் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். சீட்டு இரண்டே இரண்டு. மூன்றாவது ஆள் வந்தால் அவர் அனுமன் வழியில் சொந்தமாகத் தாவித்தான் வர வேண்டும்.

இந்தப் புஷ்பகத்தின் பூர்வீகத்தை விசாரித்துக்கொண்டே போனால் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரத்து விமான நிலையம் ஒன்றில் போய் நிற்கிறோம். அந்த நிலையத்தின் பெயர் லங்கன். சத்தியமாக நான் இட்டுக்கட்டவில்லை. லங்கன் என்பது அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் பெயர். புஷ்பகம் என்று பெயர் வாங்கிக்கொண்டு பிறப்பது எதுவாக இருந்தாலும் அந்தத் திசையிலிருந்துதான் வர வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது போல.

அந்த லங்கனில் ஏரோன்கா என்று ஒரு கம்பெனி. ராணுவத்தில் விமானப் பொறியாளராக இருந்த ஜான் ரோஷே என்பவர் ஓய்வு நேரத்தில் உருவாக்கிய ஒரு குட்டி விமானத்தை வைத்து, சி-2 என்ற ஒற்றை ஆள் விமானத்தை அவர்கள் 1929 அக்டோபர் 20 அன்று பறக்கவிட்டார்கள். நாலே நாளில் நியூயார்க் பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. விமானம் மட்டும் விழவில்லை. விழுவதற்கு அதில் என்ன இருந்தது? உட்கார வெறும் ப்ளைவுட் பலகை. பார்க்க ஐந்தே கருவிகள். பிரேக் வேண்டுமானால் தனிக் காசு, ஹீட்டர் வேண்டுமானால் அதற்கும் தனிக் காசு. கல்யாண மண்டபத்துக்கு வாடகை வாங்கிவிட்டு, கரண்டுக்கும் குப்பை அள்ளவும் தனியாக பில் நீட்டுகிறவர்களுக்கு முன்னோடி அந்தக் கம்பெனிதான். வயிறு பெருத்த அந்த உருவத்தைப் பார்த்த அமெரிக்கர்கள் 'பறக்கும் குளியல்தொட்டி' என்று பெயர் வைத்தார்கள். காசில்லாத காலத்தில் பறக்கும் ஆசை உள்ளவனுக்குத் தொட்டியே தேர்.

இலங்கை அனுமன் வைத்த நெருப்பில் போனது. லங்கன் 1937 ஜனவரியில் ஒஹையோ ஆற்றின் வெள்ளத்தில் போனது. ஏரோன்கா தன் ஆரம்பகால வரைபடங்களையும் கருவிகளையும் ஆற்றோடு விட்டுவிட்டு, இனி மேட்டுப் பக்கம் குடியிருப்போம் என்று மிடில்டவுன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. 

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. ஆயிரக்கணக்கான பைலட்டுகள் வீடு திரும்புகிறார்கள். ஆளுக்கொரு விமானம் வாங்கி வாசலில் நிறுத்துவார்கள் என்று விமானக் கம்பெனிகள் எல்லாம் மனக்கோட்டை கட்டின. அந்தக் கோட்டையில் பிறந்ததுதான் ஏரோன்கா 'சீஃப்'. 65 குதிரைத் திறன் என்ஜின். மேலே இறக்கை, கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட்டு, கார் மாதிரி ஸ்டியரிங். ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் ஏறி, பக்கத்து மாநிலத்தில் இருக்கும் அத்தையைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்பது திட்டம். வீடு திரும்பிய பைலட்டுகளோ ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள், தொட்டில் வாங்கினார்கள். அத்தை வீட்டுக்குக் காரிலேயே போனார்கள். 1951-ல் ஏரோன்கா குட்டி விமானக் கடையை இழுத்து மூடியது.

இப்போது காட்சி பெங்களூருக்கு மாறுகிறது. இங்கே வால்சந்த் ஹிராசந்த் என்ற தொழிலதிபர் 1940 டிசம்பரில், வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருக்கும்போதே, மைசூர் சமஸ்தானத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அந்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையை ஆரம்பித்தார். முதலில் கட்டிய ஹார்லோ பயிற்சி விமானமும் அமெரிக்க வடிவம்தான். போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களுக்குப் பழுது பார்த்தே பொழுது போனது. போர் முடிந்ததும் பழுது பார்க்கவும் விமானம் இல்லை. சும்மா இருப்பானேன் என்று கம்பெனி ரயில் பெட்டி கட்டியது. வானத்தில் ஏறப் பிறந்தவன் தண்டவாளத்தில் பிழைப்பு நடத்தினான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலைக்குத் தகுந்த படிப்பும் படிப்புக்குத் தகுந்த வேலையும் இந்த நாட்டில் யாருக்குத்தான் சேர்ந்தாற்போல் அமைந்தது?

நல்லவேளையாக அங்கே டாக்டர் வி.எம். காட்கே இருந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கனில், காற்றியக்க அறிவியலின் பிதாமகர் லுட்விக் பிராண்டலிடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் தலைமையில் உருவான எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-ல் பறந்து, நம் ஆட்களும் சொந்தமாக வரைவார்கள் என்று காட்டிவிட்டது. ஆனால் அது விமானப்படைக்கு. ஃப்ளையிங் கிளப்புகளின் கதை வேறு. அங்கே பையன்கள் பழைய டைகர் மாத் விமானங்களில் கற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு அடுக்கு இறக்கை, நடுவே கொடிக்கம்பி மாதிரி கம்பிகள், கூரையில்லாத காக்பிட். மழை வந்தால் பாடத்தோடு குளியலும் ஆயிற்று. கிளப்புகளுக்கு வேண்டியது விலை குறைந்த, கூரை போட்ட, முரட்டுப் பையன்கள் கையிலும் உடையாத ஒரு விமானம். காட்கேயின் கூட்டம் சீஃபை முன்மாதிரியாகப் பிடித்தது. இராவணன் போல யாரையும் அடித்துப் பிடுங்க வேண்டிய அவசியமில்லை. அமெரிக்காவில் அந்தக் கடை ஏற்கனவே பூட்டிக் கிடந்தது.

'அப்படியென்றால் காப்பியா?' என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். அது லைசென்ஸ் காலம். ரேடியோ கேட்க லைசென்ஸ், சைக்கிளுக்கு வில்லை, எதைச் செய்யவும் ஒரு கடுதாசி. காரும் பைக்கும் லைசென்ஸில்தான் நாட்டுக்குள் வந்தன. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலீஷ் கார் ஹூக்ளி நதிக்கரைக்கு வந்து அம்பாசிடர் ஆகி, பாதி இந்தியாவைப் பெண் பார்க்க அழைத்துப் போனது. என்ஃபீல்ட் புல்லட் பைக்கும் 1955-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. தாயகத்தில் கம்பெனி இழுத்து மூடப்பட்ட பிறகும் அது இங்கே டுப்புடுப்பென்று ஓடிக்கொண்டிருந்தது. பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள் மறந்துபோன பலகாரத்தைப் புகுந்த வீட்டில் பேரன் காலம் வரை சுடுவது நம் மரபு.

தவிர, நம் ஆட்கள் வாங்கிய பக்குவத்தில் மிளகாயைக் கூட்டாமல் விட்டதில்லை. சீஃபில் 65 குதிரை. புஷ்பக்கில் 90. இரண்டும் கான்டினென்டல் கம்பெனி என்ஜின்தான்; இது பெரிய அண்ணன். 25 குதிரை எதற்கு அதிகம் என்றால், கணக்கு இருக்கிறது. இந்த மாதிரி என்ஜினுக்கு உயரம் ஆயிரம் அடி கூடக்கூடத் திறன் ஏறத்தாழ மூன்று சதவீதம் குறையும். பெங்களூரோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி மேலே. அதாவது ஓடுபாதையில் நிற்கும்போதே 65-ல் ஆறு குதிரை காணாமல் போயிருக்கும். மேலே சித்திரை வெயில் சேர்ந்தால் காற்று இன்னும் மெலிந்துபோகும்; மெலிந்த காற்றில் இறக்கைக்கும் பிடிமானம் குறைவு, ப்ரொப்பெல்லருக்கும் பிடிமானம் குறைவு. ஒஹையோவின் குளிரில் துள்ளிக்கொண்டு எழும்பிய சீஃப், நாக்பூர் கத்திரியில், பக்கத்தில் சாப்பாட்டுப் பிரியரான பயிற்சியாளர் ஒருவரும் உட்கார்ந்துவிட்டால், ஓடுபாதை முடிந்து பக்கத்து வயலையும் உழுதுவிட்டுத்தான் யோசிக்கும். அதற்குத்தான் கூடுதலாக அந்த 25.

இதே சமயம் அதே கம்பெனியில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ஹிட்லர் காலத்து ஃபோக்கே-வுல்ஃப் போர் விமானங்களை வடிவமைத்த குர்ட் டாங்க், 1956-ல் பெங்களூருக்கு வந்து 'மாருத்' என்ற ஜெட் போர் விமானத்தை வரைந்துகொண்டிருந்தார். மாருத் என்றால் காற்று. காற்றின் மகன்தான் மாருதி. ஆக ஒரு கொட்டகையில் அனுமனின் அப்பா, இன்னொரு கொட்டகையில் இராவணனின் வண்டி. ஒன்று ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போக வேண்டும் என்று வரையப்பட்டது. மற்றது மணிக்கு 150 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாதது. வேடிக்கை என்னவென்றால், மாருத் 1961-ல் பறந்தாலும் அதன் உடம்புக்கேற்ற என்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. சோனியாகவே வாழ்ந்து முடிந்தது. தேவைக்கு மேல் தெம்போடு திரிந்தது துணி போர்த்திய புஷ்பக்தான்.

துணி என்றதும் சிரிக்காதீர்கள். புஷ்பக்கின் உடம்பு, பற்றவைத்த எஃகுக் குழாய்களால் ஆன கூடு. அதன் மேல் துணியைப் போர்த்தி, 'டோப்' என்ற மருந்தைப் பூசுவார்கள். காயக் காய துணி சுருங்கி, மிருதங்கத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். விரலால் தட்டிப் பார்த்து, 'டொம்' என்றால் சரி, 'தொப்' என்றால் வேலை இருக்கிறது. ஒரு அம்பாசிடரின் எடையில் ஏறக்குறைய பாதிதான் மொத்த விமானமும், அதில் ஏறிய இரண்டு பேரும், பெட்ரோலும் சேர்த்து. அதிகாரபூர்வமான பெயர் எச்.யூ.எல்.-26. இன்றைக்கு எச்.யூ.எல். என்றால் சோப்புக் கம்பெனி. குளியல்தொட்டி வம்சத்தில் பிறந்ததற்கு அந்தப் பொருத்தமாவது மிச்சம்.

இதைக் கிளப்பும் சடங்கைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். விடிகாலை. புல்தரையில் பனி. சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்தாயிற்று. உள்ளே கல்லூரிப் பையன் ஒருவன். வெளியே ப்ரொப்பெல்லருக்கு எதிரே, இந்த வேலையில் தலை நரைத்த மெக்கானிக்.

"தம்பி, ஸ்விட்ச் ஆஃப்பா?"

"ஆஃப், அண்ணே."

"வாயால சொல்றியா, கையால பார்த்துச் சொல்றியா?"

பையன் மறுபடி பார்க்கிறான். "பார்த்துட்டேன் அண்ணே. ஆஃப்."

அவர் மர ப்ரொப்பெல்லரை நாலைந்து தரம் மெதுவாகச் சுற்றுகிறார். அது பெட்ரோலை உள்ளே இழுப்பதற்காக. பிறகு பிளேடை ஒரு வாட்டத்தில் நிறுத்துகிறார். மேல்துண்டு இல்லை, தொங்கும் சட்டை இல்லை. விரல்களை விளிம்பில் சுற்றிப் பிடிக்காமல், உள்ளங்கையைச் சும்மா மேலே வைக்கிறார். கால் வைத்திருக்கும் விதமே, இழுத்த வேகத்தில் உடம்பு பின்னால் போகும்படி. முன்னால் சாய்ந்தவர்கள் இந்தத் தொழிலில் நீடித்ததில்லை.

"காண்டாக்ட்!"

"காண்டாக்ட், அண்ணே!"

ஒரே இழுப்பு. 'பட்... பட்பட்' என்று இருமிவிட்டு என்ஜின் பிடித்துக்கொள்கிறது. அண்ணன் ஏற்கனவே ஆறடி தள்ளி நிற்கிறார்.

இதில் பேட்டரி என்ற பேச்சே இல்லை. என்ஜினோடு சுழலும் மேக்னெட்டோ தானே மின்சாரம் உண்டாக்கித் தானே பொறி கொடுத்துக்கொள்ளும். அதுவும் ஒன்றுக்கு இரண்டாக, ஒன்று கெட்டால் மற்றது. முதல் சுற்று மட்டும் யாராவது சுற்றிவிட வேண்டும். ஊரெல்லாம் கரண்ட் போனாலும் புஷ்பக்குக்குக் கவலையில்லை. 

ஏறுவது சுலபம். இறங்குவதில்தான் புஷ்பக் ஆளைப் பதம் பார்க்கும். இரண்டு பெரிய சக்கரம் முன்னால், ஒரு குட்டிச் சக்கரம் வாலில். எடையின் பெரும்பகுதி பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். மாட்டுவண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். கொஞ்சம் கோணினால் போதும், பின்பாரம் முன்னால் வரத் துடிக்கும். தரையில் இறங்கிவிட்டோம் என்று பையன் பெருமூச்சு விட்டுக் காலைத் தளர்த்தும் அந்த நொடியில், விமானம் வந்த திசையையே பார்த்துத் திரும்பி நிற்கும். கிளப் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அன்றைய பொழுது போகும். ஆனால் அதில் கற்றவனுக்குக் கடைசி அடி வரை காலைத் தளர்த்தாத பழக்கம் ரத்தத்தில் ஊறிவிடும்.

இப்படிச் சுமார் 150 புஷ்பக்குகள் கட்டப்பட்டு, நாட்டின் ஃப்ளையிங் கிளப்புகளுக்குப் போயின. அதே குடும்பத்தில் 225 குதிரை என்ஜின் போட்டு, உடம்பையும் பெருக்கி, 'கிரிஷக்' என்று ஒரு தம்பியும் பிறந்தான். கிரிஷக் என்றால் உழவன். உழவன் என்று பெயர் வைத்துவிட்டு ராணுவத்துக்கு வேவு பார்க்க அனுப்பினார்கள். 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்ற சாஸ்திரியின் முழக்கத்தை ஒரே விமானத்தில் நிறைவேற்றிய சிக்கனம் அது.

புஷ்பகம் என்ற பெயர் மட்டும் நம்மை விட்டபாடில்லை. 2024 மார்ச் 22 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே, இஸ்ரோ தன் மறுபயன்பாட்டு விண்கலத்தின் மாதிரி ஒன்றைச் சோதித்தது. சினூக் ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிப் போய், நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விட்டார்கள். அது தானாகவே ஓடுபாதையைத் தேடி வந்து இறங்கியது. அதற்கு வைத்த பெயரும் புஷ்பக். ஆள் இல்லாமல் பறப்பது, சீட்டே கிடையாது. குபேரன் காலத்தில் எத்தனை பேர் வந்தாலும் இடம், காட்கே காலத்தில் இரண்டு, இப்போது பூஜ்யம். நம் ரயில்வே முன்பதிவின் வரலாறும் ஏறக்குறைய இதே வழியில்தான் வந்திருக்கிறது.

இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது நடுவில் உள்ளது. அமெரிக்காவில் விற்காத வடிவம், மேலே போர்த்திய துணி, கையால் சுற்றிக் கிளப்பும் என்ஜின், கூடுதலாக 25 குதிரை. பெருமைப்பட ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் ஹரியானாவின் கர்னால் ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அங்கே ஒரு சின்ன ஃப்ளையிங் கிளப். தலைக்கு மேல் பறக்கும் விமானங்களை அண்ணாந்து பார்த்தபடி சைக்கிளில் சுற்றிய ஒரு சிறுமி, அப்பாவை நச்சரித்து, அந்தக் கிளப்பின் புஷ்பக்கில் ஒரு சுற்றுப் போய்வந்தாள். ஒரு சீட்டில் பைலட். எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும் என்றார்களே, அந்த இடத்தில் அவள்.

அவள் பெயர் கல்பனா சாவ்லா. 1997 நவம்பர் 19 அன்று அவர் ஏறிய இன்னொரு வண்டியின் பெயர் கொலம்பியா. அது விண்வெளிக்குப் போனது.